கீழே நன்றாக ஓடிய ஜெட் படகு மலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது? பம்பை மாற்றிய பிறகு பிழை தேடும் வழி

"கீழே நல்லாத்தானுங்க ஓடிச்சு. இங்கே ஏத்திட்டு வந்ததுல இருந்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுது." நீலகிரியில் ஒரு நீர்த்தேக்கத்துக்கு மீட்புப் படகாக வந்த பதினான்கடி ஜெட் படகைப் பற்றி அதைப் பார்த்துக்கொள்பவர் என்னிடம் சொன்னது இது. கீழே என்று அவர் சொன்னது கடற்கரையை. ஆனால் கீழே ஓடிய அதே படகு இல்லை இது. மேலே ஏற்றுவதற்கு முன், தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பம்பில் மூன்று வேலை பார்த்திருந்தார்கள். பிட்ச் (இலைகளின் சாய்வு) அதிகமான புது இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இலைச் சக்கரம்), தண்ணீர் பீய்ச்சி வெளியேறும் 85 மில்லிமீட்டர் நாசிலுக்குள் ஒரு வளையம் போட்டு 82 ஆக்கியது, பம்புக்கு அடியில் நீளமான ரைடு பிளேட் என்ற தகடு. மூன்றும் ஒரே நாளில்.

"மூணு மில்லிதானுங்களே" என்றார் வளையம் கடைந்து கொடுத்த மேட்டுப்பாளையத்து லேத்துக்காரர். மூன்று மில்லிதான். ஆனால் தண்ணீர் போவது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. 85-ஐ 82 ஆக்கினால் பரப்பில் 7 சதவீதம் போய்விடும்.

இப்படி வரும் படகுகளில் எல்லோரும் முதலில் கை வைப்பது பின்னால்தான். நாசிலைத் திருப்புவது, ஸ்டியரிங் கேபிளை முறுக்குவது, டிரிம்மை, அதாவது நாசிலின் மேல்கீழ் சாய்வை, ஏற்றி இறக்குவது. கண்ணுக்குத் தெரிகிற இடம் அது, அதனால். நான் வாயைத்தான் முதலில் பார்ப்பேன். வாய் என்றால் படகின் அடியில் தண்ணீர் உள்ளே ஏறும் துவாரம், அதை மறைக்கும் கம்பி ஜாலி, அங்கிருந்து இம்பெல்லர் வரையுள்ள பாதை. தண்ணீர் காற்றில்லாமல் முழுசாக உள்ளே வரவில்லை என்றால் பின்னால் என்ன செய்தாலும் பலன் இல்லை. மலையில் இது இரண்டு மடங்கு உண்மை.

மலை செய்கிற வேலை

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களுக்குக் காரணம் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு, அதனால் குமிழி சீக்கிரம் எழும். இம்பெல்லர் இலையின் முதுகுப் பக்கத்திலும் இதேதான் நடக்கிறது. வேகமாகச் சுற்றும் இலைக்குப் பின்னால் அழுத்தம் விழுகிறது. விழுந்து விழுந்து ஓர் எல்லைக்குக் கீழே போனால், குளிர்ந்த தண்ணீரே அங்கே கொதித்து ஆவிக் குமிழியாகிறது. கேவிட்டேஷன் என்பது இதுதான். குமிழியைத் தள்ளி எந்தப் படகும் முன்னே போகாது.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 2,200 மீட்டரில் ஏறக்குறைய 7.9 மீட்டர்தான். கேத்திப் பள்ளத்தில் கேரட் தோட்டத்துக்கு ஓடையிலிருந்து மோட்டார் வைத்தவர்கள், சமவெளியில் இழுக்கிற ஆழத்துக்கு இங்கே இழுக்காது என்பார்கள். அதே கணக்குதான். "இங்கே தண்ணி குளிர்ச்சியா இருக்கே, குமிழி வராதே" என்று ஒருவர் வாதாடினார். வாதம் சரி, அளவு போதாது. 30 டிகிரித் தண்ணீருக்குப் பதில் 15 டிகிரித் தண்ணீர் என்றால் திரும்பக் கிடைப்பது கால் மீட்டர். உயரம் எடுத்துக்கொண்டதோ 2.4 மீட்டர்.

அப்புறம் என்ஜின். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத பெட்ரோல் என்ஜின் இந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பலத்தை இழக்கும். தண்ணீரோ அதே எடை. பம்பு கேட்கும் பலம் சுற்று வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும் என்பதால், பலம் 22 சதவீதம் குறைந்தால் சுற்று 8 சதவீதம் அளவுக்குக் குறையும். கீழே நிமிடத்துக்கு 7,500 சுற்று (ஆர்பிஎம்) வந்த என்ஜின் மேலே 6,900 வந்தாலே அது நியாயமான கணக்கு. கொடைக்கானலிலும் உயரம் 2,100 மீட்டரைத் தொடுவதால் கதை பெரிதாக மாறாது.

"கத்துது, ஆனா போகல"

அதிகம் வரும் புகார் இது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் ஆர்பிஎம் சர்ரென்று ஏறுகிறது, படகு தேங்கி நிற்கிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு வாரம் போய்விடும்.

ஒன்று மேலே சொன்ன கேவிட்டேஷன். மற்றது பம்பு ஏர் வாங்குவது. எது என்று பார்க்க இப்படிச் செய்யுங்கள். படகை அசையாமல் நிறுத்தி, ஆழமான இடத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். கிளம்பும்போது மட்டும் வழுக்கி, உள்ளே கூழாங்கல் உரசுகிற மாதிரி சத்தம் கேட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டு இழுத்தால் கேவிட்டேஷன் என்று சந்தேகிக்கலாம். கிளம்பும்போது ஒழுங்காக இருந்து, திருப்பத்திலோ அலை மேல் ஏறும்போதோ ஒரு நொடி ஆர்பிஎம் துள்ளி இறங்கினால் காற்று. இரண்டு நேரமும் வழுக்கினால் முதலில் காற்றைத் தேடுங்கள், அதுதான் சரிசெய்ய மலிவானது.

காற்று நுழைகிற இடங்கள் நாலைந்துதான். பம்பு படகுடன் சேரும் இடத்தின் சீல், ரைடு பிளேட்டின் ஓரம், ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் உள்ள கார்பன் சீல், ஜாலியின் போல்ட் துவாரம். படகைக் கரையேற்றி, இருட்டிய பிறகு ஒருவர் வாய்க்குள் டார்ச் அடிக்க, இன்னொருவர் பம்பைச் சுற்றி வெளியே பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். நம் படகில் புது ரைடு பிளேட்டுக்கும் பம்புக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. பழைய பிளேட்டில் இருந்த சீலன்டைச் சுரண்டியவர்கள் புதிதாகப் போட மறந்திருந்தார்கள். கடல் தரத்து சீலன்ட் ஒரு டியூப், ஒரு இரவு காய விட்டது. பாதி நோய் அதிலேயே போனது.

மீதிப் பாதிக்கு இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். இலையின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்குக்கும் (தேய்ந்தால் மாற்றுகிற உறை) இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். கால் மில்லி, அதற்குச் சற்று மேல் என்றால் நல்லது. ஒரு மில்லியை நெருங்கினால் ரிங் மாற்ற வேண்டியதுதான், உங்கள் பம்பின் கைப்புத்தகம் இன்னும் குறைவாகச் சொன்னால் அதையே கேளுங்கள். ஒரு பக்கம் இடுக்கமாகவும் எதிர்ப்பக்கம் தாராளமாகவும் இருந்தால் ரிங்கைக் குறை சொல்லாதீர்கள், ஷாஃப்ட்டோ பேரிங்கோ நேராக இல்லை. இலையின் முன் விளிம்பை விரலால் தடவுங்கள். கல் பட்டு ஒரு நெல் அளவு மடிந்திருந்தாலே போதும், அங்கிருந்து குமிழி கிளம்பும். மெல்லிய அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். கத்தி மாதிரி கூராக்கிவிடாதீர்கள். இலையின் முதுகில் அம்மை வடு மாதிரி புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கேவிட்டேஷன். காற்று அந்த வடுவை வைக்காது.

ஜாலியை மறந்துவிடாதீர்கள். சமவெளியில் பாசியும் பிளாஸ்டிக்கும் என்றால் இங்கே கற்பூர மரத்துப் பட்டை. கீழே தைலமரம் என்பார்களே, அதுதான். நார் நாராக உரிந்து தண்ணீரில் மிதக்கும், ஜாலியில் ஒட்டும், தப்பி உள்ளே போனதை ஷாஃப்ட் கயிறாகத் திரித்துக்கொள்ளும். ஏதாவது மாற்றம் செய்த அன்று படகு கெட்டால் மாற்றத்தைத்தான் திட்டத் தோன்றும். பல நாள் குற்றவாளி ஒரு முழம் பட்டையாக இருந்திருக்கிறது. எடுக்கும்போது என்ஜினை அணைத்து, கில் ஸ்விட்ச் கயிற்றை (ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு) கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் கையை விட வேண்டும். குளிருக்குச் சுற்றிய மஃப்ளரையும் கழற்றிவிடுங்கள். திறந்த ஷாஃப்ட் பக்கத்தில் தொங்கும் துணி எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆர்பிஎம்மே ஏறல"

இது முன்னதற்கு நேர் எதிர். படகு முக்குகிறது, 6,000-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மேலே சொன்ன 8 சதவீதத்தைக் கழித்த பிறகும் குறைகிறது என்றால் பம்பு என்ஜினுக்குப் பாரமாக இருக்கிறது.

கீழே இருப்பவர்கள் பிட்ச் கூட்டுவது வேகத்துக்காக. பலம் குறைந்த மலையில் பிட்ச் குறைத்தால்தான் என்ஜின் தன் சுற்றுக்கு வரும். சமவெளியில் ஓட்டுகிற டாப் கியரில் கல்லட்டி மலைச் சாலையை ஏற முயல்வதுபோல ஆகிவிட்டது இந்தப் படகின் கதை. நாசிலைச் சுருக்கினதும் பாரத்தைக் கூட்டுகிற பக்கமே. நாசில் சின்னதானால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும், உச்ச வேகம் கொஞ்சம் கூடலாம். ஆனால் கிளம்பும் இழுவை குறையும். மீட்புப் படகுக்கு வேண்டியது உச்ச வேகமா, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் இழுவையா?

அளவுக்கு மேல் நாசிலைப் பெரிதாக்குவதும் வேண்டாம். பம்புக்குள் இருக்க வேண்டிய எதிரழுத்தம் போய், பிடிப்பு விட்டுவிடும்.

பழைய கார்புரேட்டர் என்ஜின் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பெட்ரோல் அதே அளவு வர, காற்று குறைவாக வர, கலவை கெட்டியாகிவிடும். கரும்புகையும் கரிபிடித்த பிளக்கும் சாட்சி. மெயின் ஜெட்டை ஒரு படி சின்னதாக்கினால் சரியாகும். இன்ஜெக்ஷன் என்ஜின் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது.

"மூக்கு குதிக்குது"

கடற்கரைக்காரர்கள் அணியம் என்பார்கள், இங்கே எல்லோருக்கும் அது மூக்குதான். வேகமெடுத்ததும் மூக்கு ஏறி விழுந்து ஏறி விழுந்து ஓடுகிறது என்றால் படகின் பின்பாகம் அளவுக்கு மேல் அமுங்குகிறது. ஏதாவது ஒன்று பின்னால் கனம் கூட்டியிருக்கிறது, அல்லது நாசில் சற்று மேல் நோக்கிப் பீய்ச்சுகிறது. மேல்நோக்கிப் பீய்ச்சினால் பின்பாகம் கீழே தள்ளப்படும், மூக்கு எழும். நாசிலைக் கழற்றி மாட்டியவர்கள் நடுவே உள்ள ஷிம்மை (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) திருப்பிப் போட்டிருந்தால் இதுதான் நடக்கும். நாசில் நடு நிலையில் இருக்கும்போது ஒரு நேர்ச்சட்டத்தைப் படகின் அடிக்குச் சமமாகப் பிடித்துப் பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பின்னால் உட்கார்ந்தவரை முன்னால் உட்காரச் சொல்லுங்கள். குதிப்பு நின்றால் எடைதான் காரணம். பேட்டரியையோ பெட்ரோல் டாங்கியையோ ஒரு முழம் முன்னே தள்ளினால் தீர்ந்தது. நிற்கவில்லை என்றால் ரைடு பிளேட்டுக்கு வாருங்கள். பிளேட்டின் பின்விளிம்பு படகின் அடிமட்டத்தைவிட மேலே தூக்கியிருந்தால் மூக்கு எழும்பிக் குதிக்கும்.

"மூக்கு தண்ணியைக் குத்துது, ஸ்டியரிங் வெடுக்குன்னு இழுக்குது"

நீளமான பிளேட் போட்ட எங்களுக்கு வந்தது இதுதான். பிளேட்டின் பின்விளிம்பு கீழே தாழ்ந்திருந்தாலோ, நாசில் கீழ்நோக்கியிருந்தாலோ பின்பாகம் எழும்பும், மூக்கு தண்ணீரில் புதையும். படகு அப்போது மூக்கால் திரும்புகிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பாகம் சுழன்று பக்கவாட்டில் வந்து நிற்கும். குதிப்பாவது இடுப்பை மட்டும் வலிக்க வைக்கும், இது ஆளைத் தண்ணீரில் தூக்கிப் போடும். இந்த அறிகுறி இருக்கும் வரை வேகச் சோதனை வேண்டாம், ஆள் ஏற்றவும் வேண்டாம். பிளேட்டின் போல்ட்டுகளுக்கு அடியில் மெல்லிய ஷிம் வைத்து, சமமட்டத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு அரை மில்லி ஷிம்மே போதுமானதாக இருந்தது.

"ஒரு பக்கம் சாயுது"

இதை எல்லோரும் "இம்பெல்லர் முறுக்குது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். என்ஜினும் பம்பும் ஒரே படகில் பூட்டியிருக்கின்றன. என்ஜின் படகை ஒரு பக்கம் முறுக்கினால், இம்பெல்லருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் இலைகள் தண்ணீரின் சுழலை நேராக்கும்போது படகை மறுபக்கம் முறுக்குகின்றன. சுழல் முழுக்க நேரானால் கணக்கு சரியாகிவிடும். சீராக ஓடும்போதும் படகு சாய்ந்தே இருந்தால், நேராகாத சுழல் நாசில் வழியே வெளியே போகிறது என்று அர்த்தம். பின்னால் பீய்ச்சும் தண்ணீரைப் பாருங்கள். நல்ல பம்பில் அது கண்ணாடிக் கம்பி மாதிரி வரும். சுழல் இருந்தால் முறுக்கிய கயிறு மாதிரி வந்து சீக்கிரம் விரியும்.

தண்ணீர் சிதறாமல் வருவதற்கு இவ்வளவு முக்கியத்துவமா என்றால், பைக்காரா நீர்மின் நிலையத்தை நினைத்துப் பார்க்கலாம். 1932-இல் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை நாசில் வழியாகப் பெல்டன் சக்கரத்தின் மேல் அடிக்கிற ஏற்பாடு அங்கே. நம் படகு அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே தாரை சக்கரத்தைத் தள்ளுகிறது, இங்கே தாரையை வெளியே தள்ளிப் படகு முன்னே போகிறது. சிதறின தாரையால் இரண்டு இடத்திலும் நஷ்டம்.

புது இம்பெல்லரின் பிட்ச் மாறினால் அது கொடுக்கும் சுழலின் கோணமும் மாறும். பழைய ஸ்டேட்டர் அதற்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஸ்டேட்டர் இலை ஒன்று உடைந்திருந்தாலும் இதே அறிகுறி. சாய்வு இல்லாமல் ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அவ்வளவு ஆழமாகப் போக வேண்டாம், ஸ்டியரிங் நடுவில் இருக்கும்போது நாசிலும் நடுவில் இருக்கிறதா என்று அளந்து கேபிளைச் சரிசெய்தால் போதும்.

"ஆக்சிலேட்டரை விட்டா திரும்ப மாட்டேங்குது"

இது பிழை இல்லை. ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது, பீய்ச்சும் தண்ணீர்தான் சுக்கான். 1950-களில் நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக வில்லியம் ஹாமில்டன் இந்த ஏற்பாட்டை உருவாக்கியபோது, அடியில் எதுவும் துருத்தக்கூடாது என்பதுதான் நோக்கம். அதன் விலை இது. மோதப் போகிற நேரத்தில் ஆக்சிலேட்டரை விடாமல் திருப்ப வேண்டும் என்பதைப் புது ஓட்டுநருக்குப் பத்து தடவை பழக்குங்கள்.

ஆழமில்லாத ஆற்றுக்குப் பிறந்தது என்பதால் எங்கே வேண்டுமானாலும் கிளப்பலாம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் நீர்த்தேக்கம் வற்றிக் கரைச் சேறும் சரளையும் தெரியும்போது, அடியில் 90 சென்டிமீட்டர் தண்ணீராவது இல்லாத இடத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சரளை உள்ளே போய் வேர் ரிங்கைக் கோடு கோடாகக் கீறிவிடும்.

"ரிவர்ஸ் எடுக்கல", "நியூட்ரல்ல நகருது"

நாசிலை நீட்டியவர்களும் கோணம் மாற்றியவர்களும் நாசிலுக்குப் பின்னால் இறங்கும் மூடியான பக்கெட்டை மறந்துவிடுவார்கள். ரிவர்ஸில் பக்கெட் இறங்கி, தாரை முழுவதையும் பிடித்து முன்பக்கம் திருப்ப வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் தப்பினாலும் ரிவர்ஸ் பாதியாகிவிடும். நியூட்ரல் என்பதும் பம்பு நிற்பது அல்ல, பக்கெட் பாதியில் நின்று இரண்டு பக்கமும் சமமாகப் பிரிப்பதுதான். நகர்ந்தால் கேபிளில் ஒன்றிரண்டு சுற்று, அவ்வளவே.

"சூடு அலாரம் அடிக்குது"

கையாளுதலுக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும், ஆனால் பம்பைத் தொட்ட பிறகு வந்தால் சம்பந்தம் உண்டு. பல படகுகளில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் அழுத்தப் பகுதியிலிருந்துதான் போகிறது. நாசிலுக்குள் போட்ட வளையம் அந்தத் துவாரத்தை லேசாக மூடியிருக்கலாம், சீலன்ட் பிதுங்கி அடைத்திருக்கலாம். என்ஜினை அணைத்து, ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். கரையில் வைத்துத் தண்ணீர் இணைப்பு இல்லாமல் என்ஜினை ஓட்டி "சோதிக்க" வேண்டாம், கார்பன் சீல் கருகிவிடும்.

சோதனை ஓட்டம்

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இதை நான் சொல்லாத நாளில்லை, கேட்டவர்கள் குறைவு. காலையில் காற்றும் மூடுபனியும் இல்லாத நேரமாகப் பார்த்து, அதே இடத்தில், அதே ஆட்களோடு, எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டம். செல்போனில் வேகம், மீட்டரில் ஆர்பிஎம், இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். லைஃப் ஜாக்கெட்டும் கில் ஸ்விட்ச் கயிறும் இல்லாமல் ஏற வேண்டாம், இந்தக் குளிர் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் விறைத்துவிடும்.

அந்த மீட்புப் படகில் வரிசையாகச் செய்தது இவ்வளவுதான். முதல் நாள் சீலன்ட், இரண்டாம் நாள் பிளேட்டுக்கு ஷிம், மூன்றாம் நாள் வளையத்தைக் கழற்றி நாசிலை 85-க்கே கொண்டுவந்தது. கடைசியாகப் புது இம்பெல்லரை எடுத்துவிட்டு, பழையதைவிடவும் ஒரு படி பிட்ச் குறைந்ததைப் போட்டோம். நாலு பேரை ஏற்றிக்கொண்டு வழுக்காமல் கிளம்பியது.

"ஏனுங்கண்ணா, திரும்பக் கடலுக்குக் கொண்டுபோனா இதே இம்பெல்லர் போதுமுங்களா?" என்று கேட்டார் படகுக்காரர். போதாது. கீழே காற்று முழுசாகக் கிடைத்து என்ஜின் பலம் திரும்பிவிடும், இந்த இம்பெல்லர் அதற்கு இலேசு. ஆர்பிஎம் லிமிட்டரில் போய் முட்டிக்கொண்டே ஓடும். பழைய இம்பெல்லரை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் படகோடு வைத்திருக்கச் சொன்னேன்.